உள் மிரர் மங்காததால் சைடு மிரர் கூசிய நிகழ்வு: தானாக மங்கும் ரியர் வியூ மிரர் பற்றி ஓர் ஆய்வு

புகார்

நான்கு கதவு கார். விண்ட்ஷீல்டின் நடுவே தானாக மங்கும் ரியர் வியூ மிரர். ஓட்டுநர் பக்கத்துச் சைடு மிரரும் அதே வகை. மறுபக்கத்து மிரர் சாதாரணமானது. இரவில் பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் சைடு மிரர் வழியாக அப்படியே கண்ணில் அடிக்கிறது, அந்த மிரர் மங்குவதே இல்லை என்பது புகார். உள் மிரரைப் பற்றிக் குறை எதுவும் சொல்லப்படவில்லை.

சைடு மிரரின் கண்ணாடி ஏற்கெனவே ஒருமுறை புதிதாக மாற்றப்பட்டிருந்தது. மாற்றியும் கூச்சம் துளிகூடக் குறையவில்லை. வண்டி வாங்கிய பிறகு அதில் சேர்ந்தவை இரண்டு: பின் கண்ணாடியில் கருமையான சன் ஃபிலிம், உள் மிரருக்குப் பின்னால் விண்ட்ஷீல்டில் ஒட்டிய டாஷ்கேம்.

இந்த வகை மிரர் உள்ள வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு இது. ஆகவே ஒரு குறிப்பிட்ட மாடலைச் சொல்லாமல், அந்தக் கோளாறின் மாதிரியாகவே இந்த வண்டி இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கீழே வரும் ஒளி அளவுகள் அந்த மாதிரி அமைப்புக்குக் கணக்கிட்டவை. வேறு வண்டியில் எண்கள் கூடும், குறையும்.

கூச்சம் எங்கே உண்டாகிறது

மிரரில் தெரியும் ஹெட்லைட் கண்ணை இரண்டு விதமாகப் பாதிக்கிறது. ஒன்று எரிச்சல், அசௌகரியம். மற்றொன்று பார்வை இழப்பு: கண்ணுக்குள் நுழையும் வலுவான ஒளி கண்ணின் முன்படலத்திலும் விழிவில்லையிலும் சிதறி, விழித்திரை மீது ஓர் ஒளித்திரையாகப் படர்கிறது. அந்தத் திரைக்குப் பின்னால் மங்கலான பொருட்கள் கரைந்துபோகின்றன. 1920-களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற இருவரின் வேலையிலிருந்து வந்த சூத்திரம் இதை அளக்கிறது: கண்ணில் விழும் ஒளியை லக்ஸில் எடுத்து 10-ஆல் பெருக்கி, ஒளிமூலத்துக்கும் பார்வைக்கோட்டுக்கும் இடையிலான கோணத்தின் வர்க்கத்தால் வகுத்தால், ஒளித்திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று கிடைக்கும்.

இங்கே கோணம்தான் ஆட்டத்தை மாற்றுகிறது. பின்னால் சற்று உயரமான வண்டி, மேல்நோக்கித் தூக்கிய லோ பீம், சைடு மிரரின் முகத்தில் 12 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தெளிந்த நிலையில் மிரர் 60 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. கதவுக் கண்ணாடி 80 சதவீதத்தை உள்ளே விடுகிறது. கண்ணுக்கு வருவது சுமார் 5.8 லக்ஸ். ஓட்டுநர் நேரே சாலையைப் பார்க்கும்போது மிரர் 30 பாகை விலகியிருந்தால் ஒளித்திரை 0.06 கேண்டெலா. தன் ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலை தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தொல்லை. ஆனால் லேன் மாறுவதற்காக அதே மிரரைப் பார்க்கும் கணத்தில், ஹெட்லைட்டின் பிம்பத்துக்கு 3 பாகை தள்ளி ஒரு பைக் வருகிறதா என்று தேடினால் ஒளித்திரை 6.4 கேண்டெலா. நூறு மடங்கு. அந்த பைக் தெரியாது.

வயதானால் இது இன்னும் மோசம். விழிவில்லை கலங்கக் கலங்கச் சிதறலும் கூடுகிறது. 70 வயதில் இளம் கண்ணைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ‘எனக்கு ஒன்றும் கூசவில்லையே’ என்று 25 வயது மெக்கானிக் சொல்லிப் புகாரைத் தள்ளிவிடுவது அதனால்தான் தவறு.

கண்ணாடிக்குள் நடப்பது

பழைய மிரர்களில் அடியில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். கண்ணாடி ஆப்பு வடிவம். பின்முகத்தில் வெள்ளிப் பூச்சு. நெம்பைத் தட்டினால் வெள்ளிப் பூச்சின் பிம்பம் கூரைக்குத் திரும்பிவிடும், முன்முகத்தின் வெறும் கண்ணாடிப் பிரதிபலிப்பு மட்டும் கண்ணுக்கு வரும். அது சுமார் 4 சதவீதம். இடைநிலை கிடையாது. 1982-ல் ஜென்டெக்ஸ் நிறுவனம் இந்த ஆப்பை மோட்டாரால் சாய்க்கும் தானியங்கி மிரரைக் கொண்டுவந்தது. 1987-ல் மின்சாரத்தால் நிறம் மாறும் வகையை வெளியிட்டது. இன்று ‘ஆட்டோ டிம்மிங்’ என்று சொல்லப்படுவது இந்த இரண்டாவது வகையே.

அதில் இரண்டு கண்ணாடித் தகடுகள். இடையே ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி. சுற்றிலும் எபாக்சி அடைப்பு. தகடுகளின் உட்பக்கங்களில் மின்கடத்தும் பூச்சு; முன் தகட்டில் அது ஒளி ஊடுருவும் இண்டியம் டின் ஆக்சைடு போன்ற பூச்சாக இருக்கும். பிரதிபலிக்கும் உலோகப் படலம் பின் தகட்டின் உட்பக்கத்திலோ வெளிப்பக்கத்திலோ இருக்கும். இடைவெளியில் புரோப்பிலீன் கார்பனேட் போன்ற கரைப்பானில் இரண்டு சேர்மங்கள்: ஒன்று வயலோஜன், மற்றொன்று பினாசின் வகை. கெட்டிப்படுத்த ஒரு பாலிமரும் சேர்வதால் அது கூழ்போல இருக்கும்.

சுமார் 1.2 வோல்ட் கொடுத்தால் எதிர்முனையில் வயலோஜன் எலக்ட்ரானைப் பெற்று நீலமாகிறது. நேர்முனையில் பினாசின் எலக்ட்ரானை இழந்து நிறம் கொள்கிறது. இரண்டும் சேர்ந்து ஒளியை விழுங்குகின்றன. பின்னால் இருந்து வரும் ஒளி உலோகப் படலத்தை அடைய ஒருமுறை, திரும்பி வர மறுமுறை என இந்தக் கூழைக் கடக்கிறது. ஆகவே ஒருமுறைக்கு 30 சதவீதம் மட்டுமே தாண்டுமானால் திரும்பி வருவது 9 சதவீதம். வோல்டேஜைக் குறைத்தால் நிறமும் குறையும். நெம்பு மிரரில் இல்லாத இடைநிலைகள் இங்கே கிடைக்கின்றன.

நிறம் கொண்ட மூலக்கூறுகள் இரு முனைகளிலிருந்தும் நடுவே மிதந்து வந்து சந்தித்து, எலக்ட்ரானை மாற்றிக்கொண்டு மறுபடி நிறமிழக்கின்றன. எனவே மங்கிய நிலையைப் பிடித்துவைக்கத் தொடர்ந்து மின்னோட்டம் வேண்டும். மின்சாரம் நின்றால் மிரர் தானே தெளிந்துவிடும். ஒரே அறைக்குள் தானே தெளியும் இந்த வகைக்கு ஜென்டெக்ஸ் வேதியியலாளர் ஹார்லன் பைக்கர் பெயரில் 1990-ல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. பாதுகாப்புக்கு இது மிகப் பெரிய வரம். வயர் அறுந்தாலும் ஃப்யூஸ் போனாலும் பகலில் தெளிந்த மிரர் கையில் இருக்கும். தெளிவதை விரைவுபடுத்த, கட்டுப்பாட்டுச் சுற்று இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து மின்னூட்டத்தைக் காலி செய்கிறது. அப்படியும் மங்குவதை விடத் தெளிவதற்கு நேரம் கூடுதலாகும். மங்கச் சில விநாடிகள் என்றால் தெளிய அதைவிடச் சில விநாடிகள் அதிகம். குளிரில் கூழின் ஓட்டம் மந்தமாவதால் இரண்டுமே இழுக்கும்.

முன் தகட்டின் வெளிமுகம் தரும் 4 சதவீதத்தை எந்த வோல்டேஜும் குறைக்காது. எண்ணெய்ப் பசையான கைரேகையும் அந்த முகத்திலேயே சிதறும், மங்கிய நிலையில்தான் அது எடுப்பாகத் தெரியும். மிரர் முகத்தைத் துடைக்காமல் இரவில் சோதனை செய்வது வீண்.

விதிமுறைகளும் இதற்குள்தான் நிற்கின்றன. ஐக்கிய நாடுகளின் வாகன விதி 46 சாதாரண நிலையில் குறைந்தது 40 சதவீதப் பிரதிபலிப்பையும் இரவு நிலையில் குறைந்தது 4 சதவீதத்தையும் கேட்கிறது. அமெரிக்காவின் விதி 111-ல் பகலுக்கு 35, இரவுக்கு 4.

முடிவெடுப்பது எது

உள் மிரரில் இரண்டு ஒளி சென்சார்கள் உள்ளன. ஒன்று விண்ட்ஷீல்டை நோக்கி, சுற்றுப்புற வெளிச்சத்தைப் பார்க்கிறது. மற்றொன்று மிரர் முகத்திலோ அதன் சட்டத்திலோ அமர்ந்து, பின் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. முன்னால் இருட்டு, பின்னால் அதைவிடத் தெளிவாக அதிக வெளிச்சம், ரிவர்ஸ் கியர் போடவில்லை: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வோல்டேஜ் ஏறும். முன் சென்சாரின் அளவு உடனடியாக எடுக்கப்படுவதில்லை, சில விநாடிகளுக்குச் சராசரியாக்கப்படுகிறது. இல்லையென்றால் எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் மிரர் தெளிந்து மங்கிக்கொண்டிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் காரணம், கண்ணும் அப்படித்தான் வேலை செய்கிறது என்பதே. தெருவிளக்குகள் நிறைந்த சாலையில் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணை 5 லக்ஸ் உறுத்தாது. இருட்டான நெடுஞ்சாலையில் அதே 5 லக்ஸ் பொறுக்க முடியாதது.

இந்த வண்டியின் கோளாறுக்குச் சாவி இங்கேதான் இருக்கிறது: சைடு மிரருக்குச் சொந்தமாக சென்சார் கிடையாது. உள் மிரரிலிருந்து கதவு வழியாக இரண்டு வயர்கள் போகின்றன. உள் மிரர் தனக்கு எவ்வளவு மங்கல் தேவை என்று தீர்மானிக்கிறதோ, அதே கட்டளைதான் வெளியேயும் போகிறது. சைடு மிரர் எதையும் பார்ப்பதில்லை, கட்டளையை மட்டும் நிறைவேற்றுகிறது.

பகல் சோதனை

கண்ணாடியை மாற்றுவதற்கு முன் செய்திருக்க வேண்டியது இது. பத்து நிமிட வேலை. செலவு கொஞ்சம் கருப்பு இன்சுலேஷன் டேப்.

வண்டியை நிழலில் நிறுத்தி, இக்னிஷனை ஆன் செய்து, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். மிரரின் அடியில் பட்டன் இருந்தால் அதன் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும்; துடைக்கும்போது கை பட்டு அணைந்துபோன மிரர்கள் ஏராளம். முன் சென்சாரைக் கருப்பு டேப்பால் இரண்டு அடுக்கு மூட வேண்டும். விரலால் மூடுவது போதாது, பக்கவாட்டில் ஒளி கசியும், விரலே சிவப்பு ஒளியை ஊடுருவ விடும். பிறகு பின் சென்சார் மீது டார்ச் அடித்து 15 விநாடி காத்திருக்க வேண்டும். செல்போன் விளக்கும் போதும். ஒரு சாண் தூரத்தில் பிடிக்கலாம்.

இந்த வண்டியில் உள் மிரர் ஐந்தாறு விநாடியில் நீலம் கலந்த கருமைக்குப் போனது. சைடு மிரரும் சற்றுப் பின்தங்கி அதே அளவுக்கு மங்கியது. கதவின் கனெக்டரில் அந்த இரண்டு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் 1.2 வோல்ட் காட்டியது. டேப்பை எடுத்ததும் பூஜ்யத்துக்கு இறங்கியது. வோல்டேஜை இரண்டு வயர்களுக்கும் இடையில்தான் அளக்க வேண்டும். பாடியை எர்த் என்று எடுத்துக்கொண்டு ஒரு வயரை மட்டும் அளந்தால் சில மாடல்களில் குழப்பமான எண் வரும். அந்த வயரைப் பாடியில் தொட்டுவிட்டால் மிரருக்கு வோல்டேஜ் கொடுக்கும் சுற்று கெடவும் கூடும்.

ஆக, கண்ணாடி நன்றாக இருக்கிறது, கட்டளைச் சுற்று நன்றாக இருக்கிறது, வயரிங் நன்றாக இருக்கிறது. முதலில் மாற்றி எறியப்பட்ட கண்ணாடியும் பெரும்பாலும் நல்லதாகவே இருந்திருக்கும். மிச்சம் இருக்கும் கேள்வி ஒன்றே: இரவில் சென்சார்கள் என்ன பார்க்கின்றன?

இந்தச் சோதனையில் எதுவும் மங்காமல் இருந்தால் பாதை வேறு. அப்போது உள் மிரர் கனெக்டரில் 12 வோல்ட் சப்ளை, எர்த், ரிவர்ஸ் பின் (ரிவர்ஸ் கியர் போட்டதை மிரருக்குத் தெரிவிக்கும் முனை) மூன்றையும் பார்க்க வேண்டும். ரிவர்ஸ் பின் மீது ஓட்டுநர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்குகளும் கவனம் வைப்பதில்லை. ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலோ, பின்னால் கேமரா பொருத்தியவர் வயரைத் தவறாக இணைத்திருந்தாலோ, அந்தப் பின்னில் எப்போதும் 12 வோல்ட் நிற்கும். வண்டி ரிவர்ஸில் போகிறது என்று நம்பி மிரர் ஒருபோதும் மங்காது.

இரவு அளவு

சரிபார்க்கும் முறை: இருட்டான இடம், பின்னால் 15 மீட்டரில் லோ பீமுடன் ஒரு வண்டி, கையில் லக்ஸ் மீட்டர். மீட்டரின் முகத்தை முதலில் சைடு மிரரின் மேல் பின்பக்கம் பார்த்து வைக்க வேண்டும், பிறகு உள் மிரரின் சென்சாருக்கு அருகே அதே திசையில்.

சைடு மிரரில் 12 லக்ஸ் என்றால், உள் மிரரில் கிடைப்பதைக் கணக்கிடலாம். பின் கண்ணாடி தானாக 70 சதவீதம் விடுகிறது. அதன் மேல் 20 சதவீதம் மட்டும் விடும் ஃபிலிம். இரண்டையும் பெருக்கினால் 14 சதவீதம். உள் சென்சாருக்கு 1.7 லக்ஸ்தான் எட்டுகிறது. பின் கண்ணாடி படுத்த நிலையில் சாய்ந்திருக்கும் கார்களில் இன்னும் குறையும். பின் இருக்கையின் நடு ஹெட்ரெஸ்டைத் தூக்கிவைத்திருந்தாலோ, பின் ஷெல்ஃபில் சாமான் அடுக்கியிருந்தாலோ அதுவும் சேர்ந்து மறைக்கும்.

அந்த 1.7 லக்ஸ் உள் மிரரில் 70 சதவீதம் பிரதிபலித்தால் கண்ணுக்கு 1.2 லக்ஸ். மிரரைப் பார்க்கும்போது, அதே 3 பாகைக் கணக்கில், ஒளித்திரை 1.3 கேண்டெலா. சைடு மிரர் முழுதாக மங்கி 10 சதவீதம் மட்டும் திருப்பினாலும் 12 லக்ஸிலிருந்து கண்ணுக்கு வருவது கிட்டத்தட்ட 1 லக்ஸ், ஒளித்திரை 1.1 கேண்டெலா. அதாவது ஃபிலிம் காரணமாக உள் மிரர் மங்காமலே மங்கியதற்கு அருகில் இருக்கிறது. அதன் சென்சார் ‘இங்கே கூச்சம் இல்லை’ என்று முடிவெடுப்பது சரியான முடிவு. உள் மிரரைப் பற்றிப் புகார் வராததற்கும் அதுவே காரணம். ஆனால் அந்த முடிவு ஃபிலிம் எதுவும் இல்லாத பாதையில் 12 லக்ஸ் வாங்கிக்கொண்டிருக்கும் சைடு மிரருக்கும் கட்டளையாகப் போகிறது.

ஒரு பாகமும் பழுதாகவில்லை. அமைப்பை வடிவமைத்தவர்கள் உள் சென்சாரும் சைடு மிரரும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தைப் பார்க்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபிலிம் அந்த அனுமானத்தை உடைத்துவிட்டது.

இதை நேரடியாக நிரூபிக்க ஒரு வழி: காரின் உள்ளே, ஃபிலிமுக்கு இப்புறம், பின் இருக்கையிலிருந்து டார்ச் பிடித்து உள் சென்சாரில் 12 லக்ஸ் வரச் செய்வது. இரண்டு மிரர்களும் மங்கின. டார்ச்சை அணைத்து, பின்னால் நிற்கும் வண்டியின் வெளிச்சத்தை மட்டும் விட்டால் கனெக்டரில் வோல்டேஜ் இல்லை. பின்கதவோடு கண்ணாடி தூக்கும் ஹேட்ச்பேக் வண்டியானால் வேலை இன்னும் எளிது: கதவைத் தூக்கிவிட்டு, அதே வெளிச்சத்தில் மிரர் மங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

டாஷ்கேமின் பங்கு

ஃபிலிம் மட்டும் காரணம் என்று நிறுத்தினால் பாதிக் கோளாறு வண்டியிலேயே தங்கிவிடும். டாஷ்கேம் உள் மிரருக்குப் பின்னால், முன் சென்சாருக்கு ஒரு கைப்பிடி தூரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் சின்னத் திரை இரவு முழுக்க எரிகிறது. அந்த ஒளி நேராகவும், விண்ட்ஷீல்டில் பட்டுத் திரும்பியும் முன் சென்சாரில் விழுகிறது. இருட்டு நெடுஞ்சாலையில் ஒரு லக்ஸின் சிறு பகுதியே வர வேண்டிய இடம் அது. முழு நிலவின் வெளிச்சமே கால் லக்ஸ்தான். அங்கே திரையின் ஒளி சேர்ந்தால் மிரர் தன்னைத் தெருவிளக்குச் சாலையில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும், மங்குவதற்கு இன்னும் வலுவான பின்வெளிச்சம் கேட்கும்.

காருக்குள் பார்க்கும் கேமராக்களில் இன்னொரு சிக்கல். அவற்றில் அகச்சிவப்பு எல்ஈடிகள் இருக்கும். சிலிக்கான் ஒளி சென்சாரின் உணர்திறன் உச்சம் அகச்சிவப்புப் பகுதியில்தான் உள்ளது. மிரரின் சென்சாருக்கு அந்தப் பகுதியை வடிகட்டும் ஏற்பாடு சரியாக இல்லையென்றால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியையும் அது வெளிச்சமாகவே எண்ணும். பின் சென்சாரில் பட்டால் காரணமில்லாமல் மங்கிக் கிடக்கும். விண்ட்ஷீல்டில் திரும்பி முன் சென்சாரில் பட்டால் மங்க மறுக்கும். சந்தேகம் வந்தால் கேமராவின் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பதே நேரான சோதனை.

லக்ஸ் மீட்டர் இல்லாமலே டாஷ்கேமின் பாதிப்பை அளக்கலாம். டாஷ்கேமை அணைத்துவிட்டு, பின் இருக்கையிலிருந்து டார்ச்சை மெதுவாக மிரரை நோக்கி நகர்த்தி, மங்கத் தொடங்கும் தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடி நிற்க வேண்டும். முன் சென்சாரின் சராசரி நிலைபெற அவ்வளவு நேரம் தேவை. பிறகு டாஷ்கேமைப் போட்டு அதையே மறுபடி செய்ய வேண்டும். தூரம் பாதியானால் தேவைப்படும் வெளிச்சம் நான்கு மடங்கு ஆகிவிட்டது என்று பொருள். குவிந்த கதிர் வீசும் டார்ச்சில் இந்தக் கணக்கு பொய்க்கும். செல்போன் விளக்கு போலப் பரவலாக வீசும் ஒளிதான் சரி.

செய்யக்கூடாத பழுதுபார்ப்பு

முன் சென்சாரை டேப்பால் நிரந்தரமாக மூடிவிடுவது பல இடங்களில் ‘தீர்வாக’ நடக்கிறது. இரவில் மிரர் உடனே நன்றாக மங்கும், வாடிக்கையாளரும் திருப்தியாகப் போய்விடுவார். பகலில் கதை வேறு. முன்னால் எப்போதும் நள்ளிரவு, பின்னால் முழுச் சூரியன் என்றே மிரர் கருதும். அது கடைசி அளவுக்கு மங்கிவிடும், நண்பகலில் 10 சதவீதப் பிரதிபலிப்போடு லேன் மாற வேண்டியிருக்கும். விதிமுறை பகலுக்குக் கேட்கும் 40 சதவீதத்தின் கிட்டேகூட அது வராது. முழு மங்கலை மணிக்கணக்கில் பிடித்துவைப்பது கூழுக்கும் நல்லதல்ல: நிறம் கொண்ட சேர்மங்கள் மெல்லப் பிரிந்து, மிரரின் ஒரு ஓரத்தில் நீலமும் எதிர் ஓரத்தில் மஞ்சள் பச்சையுமாகப் பட்டை விழும்.

ஃபிலிமில் சென்சாருக்காக ஒரு துளை வெட்டலாமே என்ற யோசனையும் வரும். பின்வரும் வண்டியின் தூரமும் உயரமும் மாறும்போது ஒளி பின் கண்ணாடியைக் கடக்கும் இடமும் மாறுகிறது, மிரரை ஓட்டுநர் சாய்த்தால் அதுவும் மாறுகிறது. ஒரு துளை எந்த நிலையிலும் ஒழுங்காக உதவாது. வெட்டும் பிளேடு பின் கண்ணாடியின் டிஃபாகர் கோடுகளை (கண்ணாடியைச் சூடாக்கி மூட்டத்தை நீக்கும் மின்கோடுகள்) அறுத்துவிடும் என்பது தனி இழப்பு.

சைடு மிரர் கனெக்டரில் வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்து எப்போதும் மங்கலாக வைக்கும் யோசனை ஆபத்தானது. அந்தக் கூழ் தாங்குவது ஒன்றே கால் வோல்ட் சுற்றி. சைடு மிரரில் பனி உருக்கும் ஹீட்டரும் இருந்தால் அதன் 12 வோல்ட் வயர்கள் பக்கத்திலேயே வரும். நான்கு முனைகளில் இரண்டை மாற்றிச் செருகினால் புதுக் கண்ணாடி நிமிடங்களில் வீணாகும். முதலில் கண்ணாடி மாற்றியபோது அது நடக்கவில்லை என்பது இந்த வண்டியின் அதிர்ஷ்டம்.

செய்த வேலை

பின் கண்ணாடியின் ஃபிலிம் முழுதாக எடுக்கப்பட்டது. ஸ்டீமர் கொண்டு கண்ணாடியைச் சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து டிஃபாகர் கோடுகள் போகும் திசையிலேயே, அதாவது பக்கவாட்டில், மெதுவாக உரிக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் கோடுகள் ஃபிலிமோடு வந்துவிடும். ஒட்டிய பசையைச் சோப்பு நீரும் மென்மையான துணியும் கொண்டு ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பிளேடு அங்கே வரவே கூடாது. வெப்பத்துக்காக ஃபிலிம் வேண்டும் என்பவருக்கு 70 சதவீதம் ஒளி விடும் வகை பொருந்தும்: கண்ணாடியோடு சேர்த்து சுமார் 49 சதவீதம், 12 லக்ஸில் 5.9 லக்ஸ் உள்ளே வரும். சென்சாருக்கு அது போதுமான வித்தியாசம். எவ்வளவு கருமை சட்டப்படி சரி என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாஷ்கேம் முன் சென்சாரின் பார்வையிலிருந்து பக்கவாட்டில் தள்ளி ஒட்டப்பட்டது. திரை ஒரு நிமிடத்தில் அணையுமாறு அமைக்கப்பட்டது. சென்சார் பக்கம் பார்க்கும் இண்டிகேட்டர் விளக்கு மீது டேப் வைக்கப்பட்டது. இங்கே டேப் விளக்கின் மேல் போகிறது, சென்சாரின் மேல் அல்ல. விண்ட்ஷீல்டின் உட்பக்கம் சென்சாருக்கு நேராகப் படிந்திருந்த புகைப்படலமும் துடைக்கப்பட்டது. அது பக்கத்து ஒளியைச் சிதறடித்து உள்ளே அனுப்பும்.

மூன்றாவது வேலைக்குச் செலவே இல்லை: சைடு மிரரைத் திருத்தி அமைத்தல். பெரும்பாலோர் தன் வண்டியின் பக்கவாட்டுப் பகுதி மிரரில் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொள்கிறார்கள். அப்போது உள் மிரர் காட்டும் அதே பின்வண்டியைச் சைடு மிரரும் காட்டுகிறது, ஹெட்லைட்டும் இரட்டிப்பாக வருகிறது. ஓட்டுநர் தலையைக் கதவுக் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்த்து, அந்த நிலையில் தன் வண்டியின் பக்கம் மிரரில் விளிம்பாக மட்டும் தெரியும்வரை மிரரை வெளிநோக்கித் திருப்ப வேண்டும். நேராக உட்கார்ந்ததும் தன் வண்டி மறைந்துவிடும், பக்கத்து லேன் தெரியும். நேர்ப் பின்னால் வரும் ஹெட்லைட்டின் பிம்பம் கண்ணுக்கு வருவதே நின்றுவிடும். பழகச் சில நாட்கள் பிடிக்கும். கூச்சத்துக்கு எதிராக இதைவிட வலுவான ஏற்பாடு எந்த மின்னணுச் சுற்றிலும் இல்லை.

வேலைக்குப் பின் அதே 15 மீட்டர் சோதனையில் உள் சென்சாருக்கு 8.4 லக்ஸ் கணக்கு வருகிறது. இரண்டு மிரர்களும் மங்க வேண்டும், சைடு மிரரிலிருந்து கண்ணுக்கு வருவது 5.8 லக்ஸிலிருந்து 1 லக்ஸ் அளவுக்கு இறங்க வேண்டும். சோதனையை மிரரைத் திருத்தி அமைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பின்னர் செய்தால் எந்த வேலை எந்தப் பலனைத் தந்தது என்று பிரித்தறிய முடியாது.

கண்ணாடியே கெட்டிருந்தால்

பகல் சோதனையில் கனெக்டரில் 1.2 வோல்ட் இருந்தும் மங்காத சைடு மிரர்தான் உண்மையில் கெட்டது. கழற்றிய கண்ணாடியை மேசையில் சோதிக்க, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தும். அதன் வோல்டேஜே 1.2. தொடரில் 1 ஓம் மின்தடை வைத்து இணைத்து, அரை நிமிடத்தில் நிறம் வருகிறதா என்று பார்க்கலாம். செல்லை எடுத்து இரு முனைகளையும் ஒரு வயரால் இணைத்தால் தெளிய வேண்டும். ஓம் மீட்டரை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அது ஹீட்டருக்குத்தான் பயன்படும்.

கண்ணாலேயே தெரியும் அறிகுறிகளும் உண்டு: ஓரத்தில் வளையமாகப் பழுப்பு அல்லது மஞ்சள், நடுவே குமிழி, மங்கும்போது திட்டுத்திட்டாக நிறம். எபாக்சி அடைப்பு வெயிலிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி விட்டுப்போனதன் விளைவு இவை. கசியும் கூழ் கண்ணையும் தோலையும் உறுத்தும்; அதன் கரைப்பான் பெயின்டையும் சில பிளாஸ்டிக்குகளையும் கெடுக்கும். கையுறை போட்டு, ஈரத் துணியால் உடனே துடைத்து, பட்ட இடத்தைத் தண்ணீரால் கழுவ வேண்டும். டாஷ்போர்டில் சொட்டிய துளியை அப்படியே விட்டால் தழும்பு நிற்கும்.

மிஞ்சுவது

எல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு நிலையில் சைடு மிரர் கூசும், அதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கத்து லேனில் சற்றுப் பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் சைடு மிரரில் நேராக விழும். ஆனால் உள் சென்சாருக்கு அது பின் தூணால் மறைக்கப்பட்டிருக்கும். சென்சார் பார்க்காத வெளிச்சத்துக்குக் கட்டளை வராது. மிரரை வெளிநோக்கித் திருப்பிய பிறகு இந்த வண்டிகள்தான் அதில் அதிகம் தெரியும் என்பதால் இந்தக் கூச்சம் சில விநாடிகள் உறைக்கவும் செய்யும். முந்திச் செல்லும் வண்டி மிரரைக் கடந்ததும் அது போய்விடும். இதைக் கோளாறு என்று எண்ணி யாரும் மறுபடி கண்ணாடி மாற்றத் தேவையில்லை. அந்த நேரத்தில் தலையைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தினால் பிம்பம் கண்ணிலிருந்து விலகும்.